தொங்க ஒரு இடம்: கூட்டிலிருந்து அட்லஸ் அந்துப்பூச்சி வளர்த்த அனுபவம்

ஜனவரி மாதம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இலவங்கப்பட்டை மரத்தைக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தேன். மிளகுக் கொடிக்கு நிழல் அதிகமாகிவிட்டதே என்று கிளைகளைக் கழித்தபோது, காய்ந்த இலை ஒன்று மட்டும் விழாமல் கொம்பிலேயே தொங்கியது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இலைக்காம்பைக் கொம்போடு சேர்த்துப் பழுப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. இலைக்குள்ளே என் கட்டைவிரலைவிடப் பெரிய ஒரு கூடு. தேடியதில் அதே மரத்தில் இன்னும் இரண்டு கிடைத்தன.

எங்கள் ஊர் நீலகிரி மாவட்டம், பந்தலூர் பக்கம். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். அந்த மரத்தை வைத்தது என் அப்பாயி, அப்பாவின் அம்மா. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர் அப்பாயி. இன்றைக்கும் பட்டை என்று சொல்ல மாட்டார், கறுவா என்றுதான் சொல்வார். கூட்டைக் காட்டியதும் கையில் வாங்கிக் காதோரம் வைத்து மெதுவாக அசைத்துப் பார்த்தார்.

"இது உசுரோட இருக்கு. அங்க கறுவா மரத்துல எல்லாம் இது தொங்கும். றெக்கை மொறம் மாதிரி விரியும்" என்றார்.

அவர் சொன்னது அட்லஸ் அந்துப்பூச்சி. உலகத்தின் மிகப் பெரிய அந்துப்பூச்சிகளில் ஒன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதை அட்டாகஸ் தாப்ரோபானிஸ் என்று தனி இனமாகப் பிரித்திருக்கிறார்கள். தாப்ரோபானே என்பது இலங்கைக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பழைய பெயர். எங்கள் பக்கத்து வீட்டு மலையாளக்காரர்கள் நாகசலபம் என்கிறார்கள். முன் இறக்கையின் நுனி பாம்புத் தலை போலவே இருப்பதால் அந்தப் பெயர். கடல் தாண்டி வந்த அப்பாயிக்கும் அவர் வைத்த மரத்தில் கூடு கட்டிய பூச்சிக்கும் ஒரே ஊர்ப்பெயர் என்று தெரிந்தபோது எனக்கு மனசுக்குள் என்னவோ செய்தது. அன்றைக்கே இதை எப்படியாவது வெளியே வரவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் கூட்டைச் சோதிக்கக் கற்றுக்கொண்டேன். மூன்றில் ஒன்று எடையே இல்லாமல் இருந்தது. மேல்முனை பிளந்து வாய் போலத் திறந்திருந்தது. பூச்சி எப்போதோ வெளியேறிவிட்ட வெறும் கூடு அது. இரண்டாவது கூடும் லேசாகத்தான் இருந்தது, அசைத்தால் காய்ந்த விதை போலச் சலசலத்தது. கத்தரியால் கவனமாகத் திறந்தேன். உள்ளே சிவப்புப் பழுப்பு நிறத்தில் கோதுமை மணி போன்ற ஓடுகள், பாதி சுருங்கிய ஒரு கூட்டுப்புழு. பட்டு வளர்ப்பவர்கள் ஊசி ஈ என்பார்களே, அந்த வகை ஈயின் வேலை. புழுவாக இருக்கும்போதே அதன்மேல் முட்டையிட்டுவிடும். குஞ்சுகள் உள்ளே புகுந்து தின்று வளரும். மூன்றாவது கூடு கையில் வைத்தால் நல்ல கனம். அசைத்தால் சலசலப்பு இல்லை, 'தொம்' என்று ஒரு பக்கம் இடிக்கும். உயிருள்ள கூட்டின் அடையாளம் அதுதான். ஒருமுறை அசைத்துப் பார்த்தால் போதும், தினமும் ஆட்டிப் பார்க்காதீர்கள்.

சரி, அடுத்து நான் செய்தது பெரிய தவறு. அந்தக் கனமான கூட்டை மிக்சர் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு விரித்து வைத்தேன். மூடியில் ஓட்டைகூடப் போட்டேன். குஞ்சுக்குப் படுக்கை போடுகிற மாதிரி அக்கறையாகத்தான் செய்தேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று நாட்கள் ஓடின, ஒன்றும் நடக்கவில்லை. செத்துப்போய்விட்டதோ என்று இரண்டு முறை பிரிக்கக் கத்தரியை எடுத்தேன். அப்பாயிதான் தடுத்தார். வறண்ட மாதங்களை இந்தப் பூச்சி கூட்டுக்குள்ளேயே தூங்கிக் கழிக்கும், மழை வந்து காற்றில் ஈரம் ஏறினால்தான் விழிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாதக்கணக்கில் ஆனாலும் பொறுக்கத்தான் வேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்தது. ஒருநாள் நூல் வாங்கக் கூடலூர் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தபோது, டப்பாவுக்குள் பிராண்டுகிற சத்தம். திறந்தேன். கொழுத்த செம்பழுப்பு உடம்பு, அதில் வெள்ளைப் பட்டைகள். இறக்கை மட்டும் பிழிந்து போட்ட ஈரத்துணி போலக் கசங்கிச் சுருண்டிருந்தது. அவசரமாக எடுத்துக் கிளையில் விட்டேன். பிடித்துக்கொண்டது. ஆனால் இறக்கை விரியவே இல்லை.

நடந்தது இதுதான். கூட்டை விட்டு வரும் பூச்சியின் இறக்கை விரல்நகம் அளவுதான் இருக்கும், மெத்தென்று இருக்கும். வந்தவுடன் அது மேலே ஏறி, தலை மேலிருக்க இறக்கைகள் கீழே தொங்கும்படி எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு உடம்பில் இருக்கும் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் அழுத்தி அழுத்தி அனுப்பும். இறக்கை தொங்கினால்தான் மடிப்பில்லாமல் விரியும். விரிந்தபின் காய்ந்து விறைக்கும். அதற்குள் தொங்க இடம் கிடைக்காவிட்டால் கசங்கியது கசங்கியபடியே காய்ந்துபோகும், பிறகு எதுவும் செய்ய முடியாது. வழவழப்பான டப்பாவுக்குள் அது எவ்வளவு நேரம் ஏறி ஏறி வழுக்கி விழுந்ததோ! அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உணர்கொம்பைப் பார்த்து அது பெண் என்று தெரிந்துகொண்டேன். பெண்ணின் உணர்கொம்பு மெலிந்த இறகு போல இருக்கும், ஆணினுடையது அகலமான சீப்பு போல இருக்கும். பறக்க முடியாத பெண்ணாக இருந்தாலும் அதற்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பெண் பூச்சி ராத்திரியில் அடிவயிற்று நுனியைச் சற்றே நீட்டி ஒரு வாசனையைக் காற்றில் விடும். நம் மூக்குக்கு அது தெரியாது. ஆண் பூச்சி அந்தச் சீப்புக் கொம்புகளால் வெகு தூரத்திலிருந்தே அதைப் பிடித்து வந்துவிடும்.

பழைய கொசுவலையை வெட்டி, இரண்டு வளையம் வைத்துத் தைத்து, விளக்குக் கூண்டு போலப் பின்வாசலில் தொங்கவிட்டேன். பெண்ணை உள்ளே விட்டேன், வலையைப் பற்றிக்கொண்டது. முதல் ராத்திரி எதுவும் வரவில்லை. அப்பாயி பார்த்துவிட்டு, "வெளிச்சத்த அணைச்சாத்தான வரும்" என்றார். பின்வாசல் எல்.இ.டி. விளக்கை அணைக்காமல் விட்டிருந்தேன். மறுநாள் அதை அணைத்து, சமையலறை விளக்கையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். மூன்று மணிக்கு எழுந்து டார்ச்சின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், வலையின் வெளிப்பக்கம் ஒரு ஆண்! இறக்கையின் முக்கோணக் கண்ணாடிச் சன்னல் வழியாக வலையின் கண்கள் தெரிந்தன. அந்த இடங்களில் செதில் கிடையாது என்பதால் அப்படி ஊடுருவித் தெரியும். வலையின் நாடாவைத் தளர்த்தி உள்ளே விட்டேன். விடிவதற்குள் இணை சேர்ந்தன, மறுநாள் சாயங்காலம் வரை அப்படியே இருந்தன. இருட்டியதும் ஆணைக் காட்டுப் பக்கம் பறக்கவிட்டேன்.

இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இறக்கை கெட்டுவிட்டதே என்று பெண் பூச்சியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் சுற்றுவட்டாரத்தில் அதே இனம் இருந்தால், இருட்டும் காற்றோட்டமும் கொடுத்தாலே போதும்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதற்குத் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கொண்டு வந்தார்கள். அதற்கு உண்ண வாயே கிடையாது என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் முழு வாழ்க்கையும். அதனால்தான் ஒரு வாரம் பத்து நாளுக்குமேல் தாங்குவதில்லை. எங்களுடையது ஏழாம் நாள் இறந்தது. அதற்குள் நான்கு ராத்திரியில் வலை முழுக்க முட்டை இட்டிருந்தது. எண்ணியபோது 160க்கு மேல். முட்டை பசை போட்டு ஒட்டியது போல ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுத்தால் உடையும். நான் முட்டையோடு சேர்த்து வலையைத் துண்டு துண்டாக வெட்டினேன். நாற்பது முட்டை மட்டும் எனக்கு. மீதியைக் காகிதக் கூம்புகளில் போட்டு, மரத்தில் இலைகளுக்கு நடுவே கட்டிவிட்டேன். இத்தனைக்கும் தீனி போட ஒருவரால் முடியாது. ஒரு புழுவே கடைசிக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை இலை தின்னும் என்பதைப் பார்த்தபிறகு, நாற்பதே அதிகம் என்றுதான் தோன்றுகிறது.

பன்னிரண்டாம் நாள் பொரிந்தன. முதல் வேலையாக முட்டை ஓட்டைத் தின்றன, அப்புறம் இலை. அவற்றைச் சின்ன டப்பாவில் இலையோடு போட்டு இறுக மூடி வைத்தேன். இலை வாடாது என்று நினைத்தேன். ஜூன் மாதப் பந்தலூர் மழை பற்றித் தெரிந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று புரியும். டப்பாவின் சுவரெல்லாம் நீர்த்துளி. அதில் ஒட்டிக்கொண்டும், பூஞ்சை பிடித்த புழுக்கையில் கிடந்தும் ஒன்பது குஞ்சுகள் போயின. அதன்பிறகு மூடிக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டினேன். பறித்த இலையைத் துணியால் துடைத்துக் காயவைத்துக் கொடுத்தேன். தினமும் புழுக்கையைத் தட்டிவிட்டேன்.

கிளையைத் தண்ணீர்ப் பாட்டிலில் சொருகி வைக்கும்போது பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு காம்பு வழியாக நேராக இறங்கித் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். இது மட்டும் எனக்கு முன்னமே தோன்றியது, தப்பித்தேன்.

பிறகு ஒரு நாள், மழைக்குப் பயந்து எல்லையோரம் இருக்கும் வேறொரு பட்டை மரத்தில் இலை பறித்து வந்தேன். அதற்கு முந்தின வாரம் பக்கத்துத் தேயிலையில் மருந்து அடித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஆறு புழுக்கள் வாயில் பச்சைத் தண்ணீர் கக்கி, உடம்பை முறுக்கிக்கொண்டு கிடந்தன. ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. இலை எங்கிருந்து வருகிறது என்பதை நூறு சதவீதம் உறுதி செய்யாமல் கொடுக்கவே கூடாது. கடையில் வாங்கும் கறிவேப்பிலை, எலுமிச்சை இலையெல்லாம் வேண்டவே வேண்டாம். புழு இருக்கும் அறையில் கொசுவத்திச் சுருள், கொசு விரட்டும் திரவம், பாச்சை உருண்டை எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் எல்லாரும் கொசுவலைக்குள்தான் தூங்கினோம்.

பட்டை தவிர கொய்யா, எலுமிச்சை வகை, சீத்தா எல்லாம் இது தின்னும். ஆனால் எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள். நான்காவது வாரம் நான் கொய்யாவுக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை. பழைய இலையைக் கொண்டு வந்த பிறகுதான் தின்றன.

அடுத்த பாடம் தோலுரிப்பு. ஒரு புழு தின்னாமல், தலையைத் தூக்கி, அசையாமல் ஒரு நாள் இருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். அது இலையில் நூல் பின்னி அதில் காலைப் பதித்து, பழைய தோலைக் கழற்றத் தயாராகிறது. புது இலைக்கு மாற்றுகிறேன் என்று அப்படி இரண்டைப் பிய்த்து எடுத்தேன். கால் பிடி போனதால் தோலைக் கழற்ற முடியாமல் அதற்குள்ளேயே செத்தன. தின்கிற புழுவைக்கூடக் கையால் எடுக்காதீர்கள். இலையோடு வெட்டிப் புதுக் கிளையில் வைத்தால் அதுவே ஏறிக்கொள்ளும்.

புழுக்கள் விரல் நீளம் ஆனதும் டப்பாவும் பாட்டிலும் சரிப்படவில்லை. அப்போதுதான் என் தொழில் கைகொடுத்தது. கொசுவலைத் துணியில் ஒரு மீட்டர் நீள உறைகள் தைத்தேன், இரண்டு முனையிலும் பாவாடைக்குக் கோர்ப்பது போல நாடா. உயிருள்ள கிளையை உறைக்குள் விட்டு, நான்கைந்து புழுவை உள்ளே வைத்து, இரு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் போதும். இலை எப்போதும் புதிது, காற்று உண்டு, மழை பட்டாலும் வடிந்துவிடும். குருவியும் குளவியும் தொட முடியாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை கீழ் முனையை அவிழ்த்துப் புழுக்கையைக் கொட்ட வேண்டும், இலை தீர்ந்தால் அடுத்த கிளைக்கு மாற்ற வேண்டும். எறும்பு ஏறாமல் இருக்க அடிமரத்தில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினேன். வீட்டில் மரமோ செடியோ இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்றே சொல்வேன். முதல் நாளிலிருந்தே இப்படி வைத்திருந்தால் பாதி இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

ஒரு குறை உண்டு. உறை தளர்வாக, இலையோடு ஒட்டாமல் உப்பலாக இருக்க வேண்டும். ஊசி மூக்குள்ள ஒரு நாற்றப்பூச்சி வலைக்கு வெளியே இருந்தபடியே உள்ளே குத்தி மூன்று புழுக்களை உறிஞ்சிவிட்டது. பிறகு கம்பி வளையம் வைத்துத் தைத்தேன்.

கடைசிக் கட்டப் புழு அழகென்றால் அப்படி ஒரு அழகு. நீலம் கலந்த பச்சை, முதுகில் மெத்தென்ற முள் போன்ற நீட்சிகள், உடம்பெங்கும் மாவு தூவியது போல வெள்ளை மெழுகு. பத்து சென்டிமீட்டரைத் தாண்டியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தின்பதை நிறுத்தி, வயிற்றைக் காலி செய்துவிட்டு, உறை முழுக்க அலைந்தன. அப்புறம் இரண்டு மூன்று இலையைச் சேர்த்து இழுத்து நூல் சுற்றத் தொடங்கின. பத்து நாள் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. கடைசியில் இருபது கூடுகள்.

பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, "பட்டு எடுக்கலாமா?" எளிதில் முடியாது. மல்பெரிப் பட்டுக்கூடு போல இதில் ஒரே நீள இழை கிடைக்காது, துண்டு துண்டான பழுப்பு இழைதான். பட்டு வளர்ப்பில் ஆசை இருப்பவர்கள், குறிப்பாகச் சேலம், நாமக்கல் போன்ற சமவெளி ஊர்க்காரர்கள், எரிப்பட்டுப் பூச்சியைப் பாருங்கள். அதுவும் இதன் குடும்பம்தான். அஸ்ஸாமில் ஆமணக்கு இலையில் வளர்க்கிறார்கள். ஆமணக்கை அங்கே எரா என்பார்கள், அதிலிருந்து வந்த பெயர்தான் எரி. மரவள்ளி இலையும் தின்னும். பழகிய பூச்சி, வருஷம் முழுக்க வளரும், மாதக்கணக்கில் தூங்காது. தொடக்கத்துக்கு மிக நல்லது.

இந்த முறை கூடுகளை டப்பாவில் வைக்கவில்லை. ஊசியில் நூல் கோர்த்து, கூட்டின் வெளி இலையையும் மேல் நூலையும் மட்டும் லேசாகப் பிடித்துத் தைத்து, திறக்கும் முனை மேலே இருக்கும்படி கயிற்றில் வரிசையாகக் கட்டினேன். ஆழமாகக் குத்தினால் உள்ளே இருப்பதற்குப் பட்டுவிடும். பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். கயிற்றைச் சுற்றிலும் சொரசொரப்பான கொசுவலை, கூட்டுக்குக் கீழே ஒரு முழம் வெற்றிடம். மழை இல்லாத நாட்களில் இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் லேசாகத் தெளிப்பேன். சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும்.

செப்டம்பர் மூன்றாம் வாரம், காலை எட்டு மணி. முதல் கூட்டின் முனை அசைந்தது. அப்பாயி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார். கால்கள் முதலில், பிறகு தலை, பிறகு நனைந்த பஞ்சு போன்ற உடம்பு. கூட்டின் மேலேயே ஏறி, திரும்பி, தொங்கியது. அரை மணி நேரத்தில் நகம் அளவு இருந்த இறக்கை உள்ளங்கை அளவானது. நாங்கள் இருவரும் பேசவே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் முழுசாக விரிந்தது. செங்கல் நிறம், ஓரத்தில் மஞ்சள், முனையில் அந்தப் பாம்புத் தலை. பழுப்பு நீரைக் கீழே கழித்தது. அது இயல்பு, பயப்பட வேண்டாம். தொடாமல் இஞ்ச் டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

அப்பாயி எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். "நான் சொன்னேன்ல, மொறம் மாதிரின்னு" என்றார்.

அன்று இருட்டியதும் வீட்டு விளக்கெல்லாம் அணைத்து, அதன் முன்கால்களுக்கு முன்னால் ஒரு குச்சியை நீட்டி ஏறவைத்து, பட்டை மரத்தில் விட்டேன். இறக்கையைப் பிடித்து எடுத்தால் செதில் உதிரும். குச்சியோ விரலோ கொடுத்தால் தானே ஏறும். எங்கள் மரத்துப் பூச்சி என்பதால்தான் எங்கள் மரத்தில் விட்டேன். வேறு ஊரிலிருந்து வாங்கிய கூடு என்றால் வெளியே விடக் கூடாது. அதே போல, காப்புக்காட்டிலிருந்து கூடோ இலையோ எடுக்கக் கூடாது, அது குற்றம். உங்கள் முற்றத்தில் கிடைத்தால் மட்டும் வளர்த்துப் பாருங்கள். கிடைத்தாலும் கிளையோடு அங்கேயே விட்டு வலை கட்ட முடியுமென்றால் அதுதான் இன்னும் நல்லது.

அக்டோபருக்குள் ஏழு வெளியே வந்தன, ஏழுக்கும் இறக்கை முழுசு. மீதிப் பதின்மூன்றும் தூங்கிவிட்டன, அடுத்த மழைக்குத்தான் விழிக்கும் போல. தையல் மெஷினுக்கு மேலே கயிற்றில் தொங்குகின்றன. வாரம் இரண்டு முறை தண்ணீர் தெளிக்கிறேன். மாதம் ஒருமுறை அப்பாயி வந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் காதை வைத்து, தொடாமல் கேட்டுவிட்டுப் போகிறார்.